கோரைப் பாயும் கதவில்லா அங்காடியும்

நாளங்காடி, அல்லங்காடி என்னும் இருவகை அங்காடிகளைச் சங்க நூலாகிய மதுரைக்காஞ்சி நமக்குக் காட்டுகின்றது. பகலில் கூடுவது முன்னது; இரவில் கூடுவது பின்னது. இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது அங்காடி ஒன்று இன்று நம் உள்ளங்கைக்குள்ளேயே விரிந்து கிடக்கின்றது. அதற்குப் பகலென்றும் இரவென்றும் இல்லை. சாத்தும் கதவும் இல்லை. அவ்வங்காடியில் நம் பகுதிக் கைவினைப் பொருள்களைச் சிறிய அளவில் விற்பது எங்ஙனம் என்று நம் துறை மாணவியர் பலர் வினவி வருகின்றனர். அவர்களுள் சிலர் நெய்வோர் வீட்டுப் பிள்ளைகள். அவ்வினாவுக்கு விடை கூறும் முயற்சியே இக்கட்டுரை.

வணிகவியலார் எழுத வேண்டியதைத் தமிழ்த்துறையார் எழுதலாமா என்று ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவோம். இணையக் கடை என்பது முக்காற்பங்கு எழுத்து வேலையாகும். பொருளைத் தொட்டுப் பார்க்க இயலாத வாங்குநர், அப்பொருளைப் பற்றிய சொல்லையே தடவிப் பார்க்கின்றார். சொல் பொய்த்தால் பொருள் திரும்பி வரும். ஆதலின் இத்துறையில் நமக்கும் சிறிது இடமுண்டு.

எடுத்துக்காட்டு இன்றிப் பொதுவாக எழுதிச் செல்வதில் பயனில்லை. எனவே பத்தமடைப் பாயை முன்வைத்து இதனை விளக்குவோம். ஓலைக் கொட்டான் முடைவோரும், பூவேலை செய்வோரும், துணிப்பை தைப்போரும் தத்தம் தொழிலுக்கு ஏற்ப இதனைப் பொருத்திக் கொள்ளலாம்.

தறிக்கும் திரைக்கும் இடையே

திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவியை அடுத்துள்ளது பத்தமடை. தாமிரபரணியின் நீர் பாயும் இடங்களில் விளையும் கோரையை அறுத்து, கீறி, உலர்த்தி, ஆற்றுநீரில் ஊறவைத்து, மீண்டும் மெல்லிய இழைகளாகக் கிழித்து, பருத்தி நூற்பாவில் ஊடையாகக் கொடுத்து அங்குப் பாய் நெய்கின்றனர். இதனைக் கைவிடாது காத்து வருவோர் பெரும்பாலும் இஸ்லாமியக் குடும்பத்தினர். அவர்களுள்ளும் பெண்டிரின் பங்கு பெரிது. 1953ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசியாரின் முடிசூட்டு விழாவுக்கு இவ்வூர்ப் பாய் பரிசாகச் சென்றது என்பதை ஊர்ப் பெரியோர் இன்றும் பெருமிதத்துடன் எடுத்துரைப்பர். 2012-13ஆம் ஆண்டில் இப்பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பெருமை இருக்கின்றது, கூலி இருக்கின்றதா என்பதே வினா. விசைத்தறிப் பாயும் பிளாஸ்டிக் பாயும் சந்தையில் மலிந்து கிடக்கின்றன. கைத்தறிப் பாய் நெய்பவருக்கும் நகரத்தில் அதனை வாங்குபவருக்கும் இடையே பல கைகள் உள்ளன. ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்துக் கொண்ட பின்னர், தறியில் குனிந்திருந்தவருக்கு எஞ்சுவது சொற்பமே. தாய் நெய்கின்றார், மகளோ தறியில் அமர விரும்பவில்லை. அம்மகளைக் குறைகூற நாம் முன்வரோம். நாட்கூலி கட்டுப்படியாகாத வேலையை மரபின் பெயரால் ஒருவர் தோளில் ஏற்றுவது அறமாகாது. இணையக் கடையினால் அக்கூலி ஏறுமா? ஏறும்; ஆனால் அது கணக்கைச் சரியாகப் போடுவோருக்கே ஏறும். கணக்கின்றித் தொடங்கியோர், இடைத்தரகருக்குக் கொடுத்ததைக் கூரியர்காரருக்கும் விற்பனைத் தளத்துக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டுப் பழைய நிலைக்கே திரும்புகின்றனர்.

விலை வகுத்தல்

‘பக்கத்துக் கடையில் என்ன விலையோ அதற்கு ஐம்பது ரூபாய் குறைத்துப் போடு’ என்பதே பலரும் கையாளும் விலைக் கொள்கையாகும். இது கொள்கையன்று, கண்ணைக் கட்டிக் கொண்டு ஆற்றில் இறங்குவதாகும்.

ஒரு நடுத்தரப் பாயை எடுத்துக் கொள்வோம். பின்வரும் தொகைகள் விளக்கத்துக்காக நாம் வைத்துக் கொண்டவையே. அவரவர் தத்தம் தொகைகளை இட்டுப் பார்த்தல் வேண்டும். கோரை, நூல், சாயம் ஆகியவற்றுக்கு 300 ரூபாய். நெய்வதற்கு மூன்று நாள். நாளொன்றுக்கு 450 வீதம் கூலி 1,350 ரூபாய். கட்டும் பொருள்களுக்கு 90. அஞ்சல் அல்லது கூரியர் 260. ஆக 2,000 ரூபாய். திரும்பி வரும் பாய், கறைபட்ட பாய், விலைபோகாத பாய் ஆகியவற்றை ஈடுசெய்யவும் கடை வளரவும் 200 ரூபாய். இப்போது 2,200 ரூபாய் நம் கைக்கு வந்தாக வேண்டும்.

விற்பனைத் தளம் விலையில் நூற்றுக்குப் பதினைந்து எடுத்துக் கொள்வதாகக் கொள்வோம். பலரும் 2,200க்குப் பதினைந்து விழுக்காடாகிய 330ஐக் கூட்டி, 2,530 என விலை வைப்பர். தளமோ 2,200க்குக் கழிவு கணக்கிடாது. விற்ற விலையாகிய 2,530க்கே கணக்கிடும். அது 379 ரூபாய் 50 காசு. கைக்கு வருவது 2,150 ரூபாய் 50 காசு. ஒரு பாய்க்கு ஏறத்தாழ ஐம்பது ரூபாய் சத்தமின்றிக் கழன்று போகின்றது. 2,200ஐ 0.85ஆல் வகுத்தால் 2,588 வரும். 2,590 என விலை வைத்தலே முறை. சிறு கடையில் மாதம் முப்பது பாய் விற்றால், இந்த ஒரு வகுத்தலை அறியாமையால் நெய்வோரின் மூன்று நாட்கூலிக்கு மேல் போய்விடுகின்றது.

நெய்யும் நேரத்தைக் கணக்கிடும்போது தறியில் அமரும் நேரத்தை மட்டும் கொள்ளலாகாது. கோரை கீறுவதும், ஊறவைப்பதும், சாயம் தோய்ப்பதும், பாவு ஓட்டுவதும் உழைப்பே. வீட்டுப் பெண்கள் செய்கின்றனர் என்பதால் அவ்வுழைப்புக்கு விலையில்லை என எண்ணும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. விலைச்சீட்டில் அவ்வுழைப்பையும் எழுதிவிட்டால் அப்பழக்கம் தானே நீங்கும்.

படமும் பெயரும்

பாயைப் படம் பிடிப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. காலை வேளையில் வெயில் நேரே விழாத திண்ணையோ சன்னலோரமோ போதும். மின்னொளி பாய்ச்சிப் பிடித்தால் கோரையின் மினுமினுப்பு வெள்ளைத் திட்டாகிவிடும். பதங்கக் கட்டைச் சாயத்தின் செம்மை ஆரஞ்சு நிறமாய்த் தோன்றும். நிறம் மாறித் தோன்றிய படமே பாதி மனத்தாங்கலுக்கு வித்து. முழுப் பாய் ஒன்று, விளிம்பு ஒன்று, பின்புறம் ஒன்று, நெசவின் நெருக்கம் தெரியுமாறு ஓர் அளவுகோலை வைத்து அண்மைப் படம் ஒன்று, ஒருவர் அமர்ந்தோ அருகில் நின்றோ அளவைக் காட்டுவது ஒன்று என ஐந்து படம் போதும். நயப்பாயாயின் துணிபோல் மடிவதைச் சில நொடிக் காட்சியாகப் பிடித்துப் போடலாம். அக்காட்சி நூறு சொல்லுக்கு ஈடு.

முகம் காட்ட விரும்பாத பெண்டிரின் படத்தை, ‘நெய்பவர் முகம் தெரிந்தால்தான் விற்கும்’ என்று வற்புறுத்தி வாங்குவோர் உளர். கைகளின் படமே போதும். கோரை கீறும் விரல்கள் எந்த முகத்துக்கும் குறைந்தவை அல்ல.

இனிச் சொல்லுக்கு வருவோம். ‘அழகிய கைவினைப் பாய்’ என்று எழுதுவதால் யாருக்கும் எதுவும் தெரியவராது. நீளம், அகலம் ஆகியவற்றை அடியிலும் சென்டிமீட்டரிலும் எழுதுக. எடை எழுதுக. பாவு பருத்தியா, பட்டா, செயற்கை இழையா என எழுதுக. சாயம் மரத்திலிருந்து எடுத்ததா, கடையில் வாங்கிய வேதிச் சாயமா என்பதை மறைக்காது எழுதுக. ஈரத்துணியால் துடைக்கலாமா, வெயிலில் போடலாமா என்பவற்றையும் சேர்க்க. இவற்றுள் மிகுந்த கவனம் வேண்டுவது ‘பட்டுப்பாய்’ என்னும் பெயராகும். ஊர்வழக்கில் மென்மையான உயர்தரப் பாயை அவ்வாறு சொல்கின்றோம். அதனை அப்படியே ‘சில்க் மேட்’ என மொழிபெயர்த்துப் போட்டால், தில்லியில் இருக்கும் வாங்குநர் பட்டு நூல் என்றே கொள்வார். பாவு பருத்தியாயின், வேண்டுமென்றே ஏமாற்றியதாக எழுதுவார். அவர்மேல் பிழையில்லை. ஊர்ப்பெயரை இட்டு, அடுத்த வரியிலேயே ‘பாவு பருத்தி நூல், ஊடை கோரை’ என எழுதிவிடல் வேண்டும்.

புவிசார் குறியீடு பற்றியும் ஈண்டு ஒரு சொல். 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீடுகள் சட்டப்படி, பதிவுபெற்ற பெயரை அவ்வெல்லைக்குள் அம்முறையில் செய்த பொருளுக்கே பயன்படுத்தலாம். உற்பத்தியாளர் தம்மை அனுமதி பெற்ற பயனராகப் பதிந்து கொள்ளலும் வேண்டும். வேறூர் விசைத்தறிப் பாயை வாங்கிப் பத்தமடைப் பெயரில் விற்பது சட்டத்துக்குப் புறம்பு. அதனினும் கொடிது, அது அண்டை வீட்டாரின் கூலியைக் களவாடுவதாகும்.

மணமக்கள் பெயர் நெய்த பாய்

திருமணத்துக்கு மணமக்களின் பெயரையும் மணநாளையும் நெய்து தருவது பத்தமடையின் தனிச் சிறப்பு. இணையத்தில் மிகுதியாக விரும்பப்படுவதும் இதுவே. இடர் மிகுந்ததும் இதுவே. பிழைபட்டால் அப்பாயை வேறொருவருக்கு விற்க முடியாது. எனவே இதற்கெனத் தனி ஒழுங்கு வேண்டும்.

முதலாவது, எழுத்து. தொலைபேசியில் பெயரைக் கேட்டு எழுதிக் கொள்ளவே கூடாது. பாத்திமா, பாத்திமாள், ஃபாத்திமா. ரகுமான், ரஹ்மான், ரஹுமான் எனப் பெயர்கள் வீட்டுக்கு வீடு வேறுபடும். இலக்கண நூலைக் காட்டி அவர்தம் பெயரைத் திருத்தும் உரிமை நமக்கில்லை. தமிழாசிரியராகிய நாமே இதனைச் சொல்கின்றோம்! வாங்குநர் தம் கைப்பட எழுதிப் படமாக அனுப்பல் வேண்டும். அதனைக் கட்டத்தாளில் எழுத்துக்கு எழுத்து வரைந்து, தலைப்பெழுத்தும் நாளும் உட்பட அவருக்குத் திருப்பி அனுப்பி, ‘சரி’ என்ற எழுத்துவழி ஒப்புதல் பெற்ற பின்னரே ஊடை ஓட்டத் தொடங்க வேண்டும். ஒப்புதல் வந்த செய்தியை அழிக்காது வைத்திருத்தல் இருசாராருக்கும் நன்று.

இரண்டாவது, முன்பணம். பெயர்ப் பாய்க்குப் பாதியேனும் முன்பணம் பெறாது தொடங்கலாகாது. பெற்ற பணம் நம் பெரியோர் கூறும் அமானிதம் ஆகும். பாய் அவர் கைக்குச் சேரும் வரை அது முழுதும் நம் பணம் ஆவதில்லை. அதனை எடுத்து வேறு கடனை அடைத்துவிட்டு, நூல் வாங்கப் பணமின்றித் தவிப்போரைக் கண்டிருக்கின்றோம். திருமணம் நின்றுபோனால் எவ்வளவு திருப்பித் தரப்படும், நெசவு தொடங்கிய பின் எவ்வளவு தரப்படும் என்பதை முன்னரே எழுதி வைத்துவிடல் வேண்டும்.

மூன்றாவது, நாட்கணக்கு. மணநாளிலிருந்து பின்னோக்கி எண்ணுக. அஞ்சலுக்கு ஒரு வாரம், எதிர்பாராத் தடைக்கு ஒரு வாரம், நெசவுக்கு வேண்டிய நாள், ஒப்புதல் பெற மூன்று நாள் என எண்ணி வரும் நாள் கடந்துவிட்டிருந்தால், வேலையை ஏற்காதிருப்பதே நன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் கோரை உலராது. ரமலான் மாதத்தில் நெய்யும் நேரம் குறையும். இவ்விரண்டையும் நாட்காட்டியில் முன்னரே குறித்து வைத்துக் கடைப் பக்கத்திலும் அறிவித்துவிடலாம். நோன்புக் காலத்தில் தாமதமாகும் என்று முன்கூட்டிச் சொன்னால் எச்சமயத்தவரும் ஏற்றுக் கொள்வர். சொல்லாது தாமதித்தால் எவரும் ஏற்கார்.

கட்டி அனுப்புதல்

இணைய வணிகத்தில் ஈட்டியதை இழக்கும் இடம் இதுவே. கூரியர் நிறுவனங்கள் பொருளின் எடையை மட்டும் பார்ப்பதில்லை. அது அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றிக் கணக்கிடுகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வருவதைக் கிலோவாகக் கொள்வது பெருவழக்கு. இவ்வெடை, தராசு எடை ஆகிய இரண்டில் எது மிகுதியோ அதற்கே கட்டணம்.

நான்கடி அகலப் பாயைக் கோரை மடியாமல் சுருட்டினால் சுருளின் நீளம் 122 சென்டிமீட்டர். தளர்வாகச் சுருட்டியதால் குறுக்களவு 15 சென்டிமீட்டர் ஆயிற்று எனக் கொள்வோம். 122ஐப் பதினைந்தாலும் மீண்டும் பதினைந்தாலும் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ. அதே பாயை இறுக்கிச் சுருட்டி 11 சென்டிமீட்டராக்கினால் மூன்று கிலோவுக்கும் குறைவு. தராசில் நிறுத்தால் இரண்டுமே ஒரே எடை! சுருட்டும் கையின் இறுக்கம் கூலியில் பாதியைக் காக்கின்றது. பாயை எதிர்த்திசையில் சுருட்டலாகாது. கோரை வளைந்து முறியும். கைத்தறியில் பாவு நூல்தான் வளைய வேண்டும்.

ஈரம் மற்றொரு பகை. கோரைக்கும் பனையோலைக்கும் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் நன்கு உலர்த்திய பின், முதலில் தாளிலோ பழந்துணியிலோ சுற்றி, அதன்மேல் நெகிழிக் காகிதம் இடுக. நேரே நெகிழியில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கரும்புள்ளி படியும். மழைக்காலத்தில் ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றை உள்ளே வைப்பது நல்லது. விளிம்பு நசுங்காதிருக்க இருமுனைகளிலும் அட்டை வட்டம் வைத்துக் கட்டுதல் வேண்டும். கட்டுவதற்கு முன் முழுப் பாயையும், கட்டிய பின் முகவரிச் சீட்டையும் தொடர்ச்சியாக ஒரு காட்சிப் பதிவு செய்து வைத்தால், ‘கிழிந்து வந்தது’ என்னும் வழக்குகளில் உண்மை எளிதில் புலப்படும்.

வெளிநாட்டுக்கு அனுப்ப விரும்புவோர் சிறிது பொறுத்தல் நலம். ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் பெறுதல் வேண்டும். கோரையும் ஓலையும் தாவரப் பொருள் ஆதலின் ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் அவற்றைக் கடுமையாகச் சோதிக்கின்றன. உள்நாட்டில் ஓராண்டு பழகிய பின் இதில் இறங்கலாம். அஞ்சல் துறை, சிறு ஏற்றுமதியாளருக்கென ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ என்னும் மையங்களை 2022 முதல் தொடங்கியுள்ளது. பெரிய அஞ்சலகங்களில் இதுபற்றி விசாரிக்கலாம்.

பணம் பெறுதலும் ஏமாற்றும்

பொருளைப் பெற்ற பின் பணம் தருவது வாங்குநருக்கு வசதி; சிறு கடைக்கோ அது சுமை. வாங்க மறுத்தால் போக்குக் கூலி, வரவுக் கூலி இரண்டும் நம் தலையில். புதியவர்க்குக் கூரியர் கட்டணத்தை மட்டுமாவது முன்னரே பெற்றுக் கொள்வது நடைமுறையில் இதனைப் பெரிதும் குறைக்கின்றது.

2016இல் வந்த யூ.பி.ஐ. முறை சிறு வணிகருக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு என்பதில் ஐயமில்லை. அதன் பெயரால் நடக்கும் ஏமாற்றையும் அறிந்திருக்க வேண்டும். ‘நான் இராணுவ அதிகாரி, பத்துப் பாய் வேண்டும், பணம் அனுப்பக் குறியீட்டுப் படம் அனுப்புகின்றேன், வருடி, இரகசிய எண்ணை இடுங்கள்’ என்று ஒருவர் பேசுவார். பேச்சில் மரியாதை வழியும்; அவசரமும் இருக்கும். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அவ்வெண்ணை இடச் சொன்னால் அது நம் கணக்கிலிருந்து பணம் எடுப்பதற்கே. இவ்வொன்றை வீட்டில் கைபேசி தொடும் அனைவருக்கும் சொல்லி வைக்க வேண்டும். பணம் செலுத்தியதாக அனுப்பப்படும் படத்தையும் நம்பலாகாது. வங்கிக் கணக்கில் தொகை ஏறியதைக் கண்ட பின்னரே கட்டினை அனுப்புக. இழப்பு நேர்ந்துவிட்டால் 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். நாழிகை கழியக் கழியப் பணம் கைமாறிச் சென்றுவிடும்.

சட்டத்தின் எல்லைக்குள்

வரி பற்றிய அச்சத்தினால் பலர் கடையைத் தொடங்குவதே இல்லை. வேறு சிலர் எதையும் கேளாமலே தொடங்கிவிடுகின்றனர். இரண்டும் வேண்டா. ஜி.எஸ்.டி.யில் வெளிமாநிலத்துக்கு விற்போர் பொதுவாகப் பதிவு செய்தாக வேண்டும். எனினும் பட்டியலிட்ட கைவினைப் பொருள்களைச் செய்து விற்போருக்கு, ஆண்டு விற்றுமுதல் 20 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத வரை, 2018ஆம் ஆண்டின் அறிவிக்கை வாயிலாக விலக்கு அளிக்கப்பட்டது. கோரை, நாணல், ஓலைப் பொருள்கள் அப்பட்டியலில் உள்ளன. நிரந்தரக் கணக்கு எண் வேண்டும். பொருளின் மதிப்பு எவ்வளவு சிறிதாயினும் வெளிமாநிலத்துக்குச் செல்லும்போது இ-வே பில் எடுக்க வேண்டும். இந்த இரண்டாம் நிபந்தனையை அறிந்தோர் மிகச் சிலரே. தம் சொந்தப் பக்கத்தில் விற்பதற்கும் பெரிய விற்பனைத் தளங்களின் வாயிலாக விற்பதற்கும் விதி வேறு. பின்னதில், பதிவு பெறாத சிறு விற்பனையாளர் 2023 அக்டோபர் 1 முதல் சேர்க்கை எண் பெற்றுத் தம் மாநிலத்துக்குள் விற்க வழி செய்யப்பட்டது. மாநிலம் தாண்டின் பதிவு வேண்டும். தணிக்கையாளர் ஒருவரிடம் ஒருமுறை அமர்ந்து கேட்டுவிடுவதே சிறப்பு.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் விற்பவரின் பெயர், முகவரி, திரும்பப் பெறும் நிபந்தனை ஆகியவற்றை வெளிப்படுத்தச் சொல்கின்றன. குறை வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக் கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பவரே வாங்குநர்போல் வேடமிட்டுத் தம் பொருளைப் புகழ்ந்து எழுதுவதையும் அவ்விதிகள் தடை செய்கின்றன. உறவினரைக் கொண்டு ஐந்து விண்மீன் இடுவிக்கும் பழக்கமுள்ளோர் இதனைக் கவனிக்க!

2020 சூலை முதல் நடைமுறையிலுள்ள உத்யம் பதிவுக்குக் கட்டணம் எதுவுமில்லை. பணம் பெற்றுக் கொண்டு பதிந்து தருவதாகக் கூறுவோரிடம் போக வேண்டா. மத்திய ஜவுளி அமைச்சகம் கைவினைஞர்க்கு வழங்கும் அடையாள அட்டையும், அவ்வமைச்சகம் 2023இல் தொடங்கிய ‘இந்தியா ஹேண்ட்மேட்’ என்னும் விற்பனைத் தளமும் நெய்வோர் நாட வேண்டியவை.

யாருடைய கடை?

ஊர்ப் பெரியோர்க்கு இங்கே சில சொல்ல விழைகின்றோம். கடை மகளின் பெயரில் இருக்கும். வங்கிக் கணக்கோ தமையனின் பெயரில் இருக்கும். கைபேசி தந்தையிடம் இருக்கும். இவ்வாறு மூன்று கையில் பிரிந்த கடை மூன்று மாதத்துக்கு மேல் நிலைத்து நாம் கண்டதில்லை. வாங்குநர் கேட்ட வினாவுக்கு இரண்டு நாள் கழித்து விடை போகும். பணம் வந்ததா என்பது நெய்தவருக்கே தெரியாது. உழைப்பவர் பெயரிலேயே கணக்கு இருத்தல் வேண்டும். அது வீட்டுச் செலவுக் கணக்கோடு கலவாத தனிக் கணக்காகவும் இருத்தல் வேண்டும்.

அயலார் பலர் தொடர்பு கொள்வரே என்னும் பெரியோரின் கவலையை நாம் எள்ளி நகையாடவில்லை, அக்கவலை உண்மையானதே. அதற்குரிய வழி கடையை மூடுவதன்று. கடைக்கெனத் தனிச் சிம் அட்டை, வாட்ஸ்அப் வணிகக் கணக்கு, காலை பத்து முதல் மாலை ஆறு வரை மட்டும் விடை என்னும் அறிவிப்பு, பேச்சுக்குப் பதில் எழுத்து, அனுப்புநர் முகவரிக்கு வீட்டுக்குப் பதில் கூட்டாக எடுத்த ஒரு சிற்றறை ஆகியவை போதும். இழிவாக எழுதுவோரை விடைகூறாது தடை செய்துவிடலாம். நான்கைந்து குடும்பத்தார் சேர்ந்து ஒரே கடையாக நடத்தினால் இவையெல்லாம் இன்னும் எளிது. கூரியர்காரரும் ஒரே இடத்தில் வந்து எடுத்துச் செல்வார். அங்ஙனம் சேர்வோர், எந்தப் பாய் யார் நெய்தது என்பதற்கு ஒரு குறியும் எழுதிய கணக்கேடும் வைத்துக் கொள்ள வேண்டும். இல்லையேல் நட்பும் கடையும் ஒருசேரப் போகும்.

நம் மாணவியர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. வாங்குநர் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதும் கருத்துகளை நெய்த அம்மாவுக்கு அன்றே தமிழில் படித்துக் காட்டுங்கள். பாராட்டாயினும் குறையாயினும் மழுப்பாது சொல்லுங்கள். திரும்பி வந்த பாயை மூலையில் சாத்தி வைக்காது, தறிக்கு அருகே விரித்து, விளிம்பில் எந்த முடிச்சு அவிழ்ந்தது, எந்த இடத்தில் சாயம் இறங்கியது என்று இருவரும் குனிந்து பாருங்கள். அடுத்த பாயின் பாவு ஓட்டுவதற்கு முன் இதனைச் செய்துவிடல் வேண்டும்.